ஏரிக்கு மேலே கிடந்த அரைஞாண்

சபாபதிக்கு மலை என்றாலே ஆகாது. பிறந்தது பிள்ளையார்பாளையம், வளர்ந்தது பிள்ளையார்பாளையம், பெண் எடுத்ததும் நாலு வீடு தள்ளித்தான். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் ஏறிய ஒரே உயரம் திருப்பதி. அதுவும் பஸ்ஸில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏறியது. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தே நாற்பது வருஷம் ஓட்டிய மனுஷன். தரைக்கு இரண்டடி கீழே கால் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. அப்பேர்ப்பட்டவர் மூன்று வருஷத்தில் ஏழு தடவை ஒரே மலைக்கு ஏறினார். எல்லாம் விதி என்று தெருவில் சொன்னார்கள். விதியாவது மண்ணாவது. பெற்ற பிள்ளை அங்கே தொலைந்து போனான், அதனால் ஏறினார்.

பிள்ளை பெயர் குமரகுரு. ஒற்றைப் பிள்ளை. ஏனாத்தூரில் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு மார்கழியில் சிநேகிதர்கள் நாலு பேரோடு கார் எடுத்துக்கொண்டு கன்னிமார் ஏரிக்குப் போனான். வத்தலக்குண்டில் ஆரம்பிக்கிற மலைப்பாதையில் கடைசி ஊரும் முடிந்து, அதற்கும் அப்பால் இருக்கிறது அந்த ஏரி. ஏரிக்கு மேலே காப்புக்காடு. ஒரு நாளைக்கு இருபது வண்டிக்குத்தான் பர்மிட். மூன்று மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். இவர்களும் ஒழுங்காக இறங்கி ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். சிநேகிதன் ஒருவன் கூலிங்கிளாஸை மேலே காட்சிமேடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றான். குமரகுரு, ரெண்டு நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று தனியாக ஏறினான். அவன் போன பின்னாடியே பனிமூட்டம் இறங்கியது. அவ்வளவுதான்.

பதினோரு நாள் தேடினார்கள். காட்டிலாகா ஆட்கள், தீயணைப்பு ஆட்கள், நாய், ஏரியில் படகு. கூலிங்கிளாஸ் வைத்த இடத்திலேயே வைத்தபடி இருந்தது. பிள்ளை இல்லை. ஒரு செருப்பு இல்லை, ஒரு பொத்தான் இல்லை. அடுத்தவன் கண்ணாடிக்காகப் போனானே பாவி என்று சபாபதி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு யார் முன்னாலும் அவர் அழவில்லை.

ஊருக்குத் திரும்பினால் அங்கே பெண்டாட்டி வடிவு இருந்தாள். அவள் அழவே இல்லை. தெருக்கதவுக்குத் தாழ் போடுவதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். இரவும் பகலும் கதவு சும்மா சாத்தியிருக்கும், தள்ளினால் திறக்கும். தெருநாய் உள்ளே வந்து சோற்றுப் பானையை உருட்டியது. யாரோ புகுந்து பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போனால் போகட்டும் என்றாள். மத்தியானம் மூன்று தட்டு வைப்பாள். மூன்றாவது தட்டுச் சோறு ஆறிக் காய்ந்த பிறகுதான் தன் தட்டில் கை வைப்பாள். அதிலும் நாலு வாய். மூன்று வருஷத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். டாக்டர் ஒரு வியாதியும் இல்லை என்றார். வியாதி இல்லையாம்!

காரியம் பண்ணிவிட்டால் தேவலை என்று உறவில் பேச்சு வந்தது. வடிவு காது கொடுக்கவில்லை. காரியம் செய்து வைக்கிற ஐயரைக் கேட்டதற்கு, உடம்பு கிடைக்காதவனுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் போன அன்றைக்கு அவன் மேலே கிடந்த பொருள் ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும் என்றார். கிடைத்தால் தர்ப்பையில் உரு செய்து, அதோடு சேர்த்து எரித்துவிடலாம். பன்னிரண்டு வருஷம்! வடிவு பன்னிரண்டு மாதம் தாங்குவாளா என்பதே சபாபதிக்குச் சந்தேகமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் மலைக்குப் போனது பிள்ளையைத் தேடி அல்ல. ஒரு பொருளைத் தேடி.

அந்தப் பொருள் எது என்றும் அவர் முடிவு செய்துவிட்டார். அரைஞாண்.

வடிவு பாவு பிணைக்கிறவள். தறியில் பழைய பாவு தீர்ந்ததும் அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொரு இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால் கண் எங்கேயோ இருக்கும், விரல் மட்டும் ஓடும். பிணைத்து முடித்ததும் கழிவாக விழுகிற பட்டு நூலில் கரைக்குப் போட்ட அரக்குச் சிவப்பை மட்டும் பொறுக்கி எடுத்து, பிள்ளைக்கு அரைஞாண் பின்னுவாள். அவன் பிறந்த பதினாறாம் நாளில் ஆரம்பித்த பழக்கம். ஒவ்வொரு பாவுக்கும் ஒரு கயிறு. வேலைக்குப் போகிற பிள்ளைக்கு எதற்கடி இது என்று தெருப் பெண்கள் கேலி பேசுவார்கள். அவனும் கூச்சப்பட்டுக்கொண்டே கட்டிக்கொள்வான். அந்த மார்கழியிலும் அது அவன் இடுப்பில்தான் இருந்தது. துணி மக்கிப் போகலாம், பட்டு சீக்கிரத்தில் மக்காது என்று சபாபதி கணக்குப் போட்டார். முதல் தடவை போனபோதே செக்போஸ்டில் இருந்த எல்லாரிடமும் அடையாளம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மாநிறம், ஐந்தரை அடி, இடது புருவத்தில் தழும்பு, இடுப்பில் சிவப்புக் கயிறு.

ஆறு தடவை வெறுங்கையோடு திரும்பினார். ஏழாவது தடவை அவராகப் போகவில்லை, கூப்பிட்டுவிட்டார்கள். தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். காட்டில் காவல் வேலை பார்க்கிற கந்தன் என்பவர் போன் செய்தார். ஏரிக்கு மேலே சோலை ஓரத்தில் களையாக மண்டிய சீகை மரம் வெட்டிச் சுத்தம் செய்தபோது வேரடியில் ஒரு சிவப்புக் கயிறு கிடந்ததாம்.

போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் வடிவிடம் சொன்னார். அவள் ஒன்றும் கேட்காமல் புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். தண்ணீருக்கு எவர்சில்வர் சொம்பு. காட்டுக்குள் பிளாஸ்டிக்கை விடமாட்டார்கள் என்பது அதற்குள் அவளுக்கும் தெரிந்திருந்தது.

செக்போஸ்டில் அன்றைக்கும் கூட்டம். பைகளைத் திறந்து பார்த்தார்கள். பாட்டில்களை எண்ணி வாங்கி வைத்தார்கள். சத்தம் போடக் கூடாது, பாதையை விட்டு விலகக் கூடாது, ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது என்று ஒரு பெண் காவலர் மனப்பாடமாக ஒப்பித்தார். சபாபதியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, பையைத் திறக்காமலே போகச் சொன்னார். அந்த இரக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் பையையும் திறந்து காட்டிவிட்டே போனார்.

ஏரி எப்போதும்போல அழகாக இருந்தது. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். ஒரு அலை இல்லை. சுற்றியிருந்த மரமெல்லாம் தலைகீழாக அதில் நின்றன. கரையில் ஒரு குடும்பம் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளை இந்தத் தண்ணீருக்குள் இருக்கிறானா, மேலே இருக்கிற காட்டுக்குள் இருக்கிறானா என்று தெரியாமல் ஒருத்தன் நிற்கிறான், அவன் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறார்களே என்று நினைத்தார். அவர்கள் மேல் என்ன தப்பு? அவர்களும் பர்மிட் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

கந்தன் அவரை மேலே கூட்டிக்கொண்டு போனார். மலைக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். ஏரியை விட்டு ஒரு திருப்பம் ஏறியதும் வெயில் நின்றுவிடும். மரத்துக்கு மரம் பாசி. காலடியில் இலை மக்கி மெத்தைபோல் அமுங்கும். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த காதுக்கு அந்த அமைதி நோவெடுத்தது. பிள்ளையார்பாளையத்தில் நட்டநடு இரவில்கூட ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒன்று தட்டிக்கொண்டிருக்கும். இங்கே குமரகுரு கத்தியிருப்பானே, கத்தினதை இந்தக் காடு என்ன செய்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பது போலவே அன்றைக்கும் நினைத்தார். சத்தம் போடக் கூடாதாம்! முதல் தடவை வந்தபோது அவர் பாதையின் நடுவில் நின்று பிள்ளை பெயரைச் சொல்லிக் கூவினார். கூடவந்த காவலர் தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதில் வரவில்லை. அப்புறம் அவர் கூவுவதை விட்டுவிட்டார்.

வெட்டிய இடத்தைக் கந்தன் காட்டினார். காட்சிமேடையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. சுற்றிலும் கிளறிப் பார்த்தோம், வேறு எதுவும் இல்லை என்றார். பக்கத்திலேயே காவலர் குடிசை. உள்ளேயிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்துவந்து நீட்டினார்.

சபாபதி கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்புக் கயிறுதான். மண் அப்பிக் கறுத்திருந்தது. முடிச்சும் இருந்தது. நுனியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். ஒரே தேய்ப்பு. பட்டு விரலைப் பிடிக்கும். இது வழுக்கிக்கொண்டு போனது.

"ஐயா, அதுதானுங்களா?" என்றார் கந்தன்.

"இல்லப்பா. இது நைலான். கோயில் வாசக் கடையில சரம் சரமா தொங்குமே, அது."

கந்தன் தப்புச் செய்துவிட்டவர் மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னார். "அப்ப இத இங்க வச்சிருக்கக் கூடாதுங்க. காட்டுப் பொருள் ஒண்ணும் வெளிய போகக் கூடாது, பிளாஸ்டிக் ஒண்ணும் உள்ள தங்கக் கூடாது. கீழ செக்போஸ்ட்ல தொட்டி இருக்கு, போட்டுருங்க ஐயா."

சபாபதி இறங்கினார். ஏரிக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து வாழையிலையைப் பிரித்து வைத்தார். ஒரு வாய் இறங்கவில்லை. ஒரு எலும்பாவது கிடைக்கக் கூடாதா தெய்வமே என்று கேட்டுக்கொண்டார். பெற்ற பிள்ளையின் எலும்புக்காக வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது. இலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

செக்போஸ்டில் குப்பைத் தொட்டிக்கு முன்னால் நின்றார். கயிறு கையில் இருந்தது. கையை விரித்தால் முடிந்தது. விரிக்க முடியவில்லை. ஏழாவது தடவையாக வெறுங்கையோடு அந்தத் தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதை நினைத்துப் பார்த்தார். சட்டென்று கயிற்றை இடுப்பு வேட்டிக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பஸ்ஸில் பத்து மணி நேரம் தனக்குத் தானே வாதாடினார். மண் அப்பியிருக்கிறது, மூன்று வருஷம் மழையில் கிடந்தது, நிறமும் சரியாக இருக்கிறது, அழுகிற கண்ணுக்கு என்ன தெரியப் போகிறது. வேண்டுமானால் நிஜப் பட்டிலேயே ஒன்று பின்னி மண்ணில் புரட்டிக் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே அவருக்கு அருவருத்துப் போயிற்று. பொய்யைச் சொல்லத்தான் வாய் வரும், பின்னக் கை வராது.

காலையில் வடிவு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் வந்து எதிரே நின்றாள். இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நம்ம புள்ளையோடதுதான் வடிவு. ஒரு மரத்தடியில கெடந்துச்சாம். பக்கத்திலயே இன்னும்... மத்ததும் கெடச்சிது. ரொம்ப நாளாயிடுச்சின்னு அங்கியே பொதைச்சிட்டாங்க."

மனதில் ஒத்திகை பார்க்காத பொய் அது. வாயில் தானாக வந்துவிட்டது. வடிவு கயிற்றைப் பார்த்தாள். விரலால் தேய்ப்பாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு, சரி, நாள் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். மத்தியானம் இரண்டு தட்டுத்தான் வைத்தாள். சபாபதிக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கழித்து நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஐயர் வந்து சாமான் பட்டியல் சொன்னார். உருவுக்குத் தர்ப்பை, வேட்டித் துண்டு, நெய், சுள்ளி. அந்த அரைஞாணை உருவின் இடுப்பில் கட்டி எரித்துவிடலாம் என்று அவர் சொன்னபோதுதான் சபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரிப்பது என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்களே, அது எப்படி மறந்தது?

பட்டா போலியா என்று பார்க்க இந்த ஊரில் பூதக்கண்ணாடி தேடுவார் இல்லை. ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டினால் போதும். பட்டு, தலைமயிர் பொசுங்குகிற வாடை அடிக்கும், விரலில் தேய்த்தால் பொடியாகும். நைலான் உருகிச் சொட்டும், பிளாஸ்டிக் நாறும். பால் குடிக்கிற குழந்தைதான் பாக்கி, மற்ற எல்லாருக்கும் தெரியும். அதிலும் வடிவின் தம்பி வேல்முருகனுக்கு வேலையே அதுதான். நெசவாளர் சொசைட்டியில் வருகிற நூலை எரித்து மோந்து பார்த்துச் சரி சொல்கிறவன். அந்த மூக்கு நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது. பொய் சொன்னான், பெற்ற பிள்ளையைச் சாகடித்துப் பொய் சொன்னான் என்று ஊர் காறித் துப்பட்டும், அது போகட்டும். வடிவு மறுபடியும் மூன்றாவது தட்டை எடுத்து வைப்பாளே! ஆற்றிலே விட்டுவிடலாமா என்று ஐயரைக் கெஞ்சிப் பார்த்தார். அது முறையில்லை என்றுவிட்டார் ஐயர்.

மறுநாள் காலை ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் முப்பது பேர் கூடினார்கள். எல்லாரும் தறி வீட்டு ஆட்கள். பெண்கள் எரிக்கிற இடத்துக்கு வருவதில்லை. வடிவு வந்தாள், யாரும் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை. மணலில் சுள்ளி அடுக்கி, மேலே தர்ப்பை உருவைப் படுக்க வைத்திருந்தார்கள். ஐயர் அரைஞாணைக் கேட்டார். வடிவு முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துத் தன் கையாலேயே உருவின் இடுப்பில் வைத்தாள். ஒரு கயிற்றுக்கு இவ்வளவு பொட்டலமா என்று சபாபதிக்குத் தோன்றியது. அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கொள்ளியை அவர் கையில் கொடுத்தார்கள். அது இரண்டு தடவை அணைந்தது.

நெருப்பு பிடித்தது. தர்ப்பை படபடவென்று எரிந்தது. துணி கருகிச் சுருண்டது. சபாபதி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திருப்பதி மலை ஏறினபோது மூடினது போல. வாடை வந்தது.

தலைமயிர் பொசுங்குகிற வாடை. பட்டு. நல்ல சுத்தமான பட்டு. அதுவும் ஒரு கயிற்றின் வாடை அல்ல, ஒரு கட்டு நூலே வேகிற அடர்த்தியான வாடை. வேல்முருகன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நம் நூல்தான், அக்கா பின்னினதுதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி அழுதான். சபாபதி கண்ணைத் திறந்து வடிவைப் பார்த்தார். அவள் நெருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளித்துவிட்டுக் கூட்டம் முன்னால் நடந்தது. இவர்கள் இரண்டு பேரும் பின்தங்கினார்கள். அவளாகவே சொன்னாள்.

"அவன் போனதுக்கப்புறம் நம்ம தறில பதினேழு பாவு ஏத்தி எறக்கியாச்சி. பதினேழுக்கும் பின்னி வச்சிருந்தேன். வந்தான்னா கட்டிப்பான்னு. எல்லாத்தயும் போட்டுட்டேன்."

சபாபதி நின்றுவிட்டார். அவள் ஈர முந்தானையின் இன்னொரு முனையை அவிழ்த்து, அந்த நைலான் கயிற்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மண்ணையெல்லாம் கழுவியிருந்தாள். கோபம் இருந்தால்கூடத் தேவலை, அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இது வேற யாரோ பெத்த புள்ளையோடது. அத்த எரிக்க நாம யாருங்க? திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க. இதத் தேடிக்கினு எவளாவது அங்க வருவா."

காட்டில் வைத்து அந்தக் கயிற்றைத் தேய்த்துப் பார்த்தார், தொட்டிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார், பத்து மணி நேரம் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நம்முடையதா இல்லையா என்று பார்த்தாரே ஒழிய, இதைக் கட்டியிருந்தவன் யார் என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. அந்த வெட்கத்தில் அவரால் நிமிர முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வடிவு நேராக உள்ளே போகவில்லை. திரும்பி நின்று தெருக்கதவைச் சாத்தி, மூன்று வருஷமாகத் துருவேறிக் கிடந்த தாழை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டாள். பிறகு போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டு, முதல் தடவையாக வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

இந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் இத்தனையும் செய்தார். இந்தத் தாழ் விழ வேண்டும், இவள் அழ வேண்டும், அழுது எழுந்து சாப்பிட வேண்டும். எல்லாம் நடக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் தாழ் விழுந்த சத்தம் கேட்டதும் அவருக்குள் ஏதோ ஒன்று செத்துவிட்டது. பிள்ளை போய்விட்டான் என்று மூன்று வருஷமாக அவர் திடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே, அது அவன் வருவான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த தைரியத்தில்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இனிமேல் அந்த வீட்டில் அவனுக்காகக் காத்திருக்க ஒருத்தரும் இல்லை.

கொஞ்ச நேரம் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் கயிறு இருந்தது. வடிவு அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாளா என்று பார்த்தார். பிறகு சத்தம் வராமல் எழுந்துபோய்த் தாழை எடுத்துவிட்டு வந்து, மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.